வெள்ளிக்கிழமைப் பை

என் நாத்தனார் ராக்காயிக்குச் சாமி வந்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். வரவே இல்லை என்று சொன்னால் அதையும் நம்பாதீர்கள். கூடவே இருந்தவள் நான். என் வாய் கொஞ்சம் நீளம் என்று குடும்பத்தில் எல்லாருக்கும் வருத்தம் உண்டு. இருக்கட்டும். இந்தக் கதையைச் சொல்ல அப்படி ஒரு வாய் வேண்டித்தான் இருக்கிறது.

என் பெயர் ஷர்மினி. ஈப்போவில் ரவிக்கை தைக்கிறேன். வீட்டுக்காரர் தேவன் லாரி ஓட்டுகிறார். அவருடைய ஒரே தங்கைதான் ராக்காயி. குலசாமி பெயரை வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்தால் அவளையே திட்டுகிற குடும்பம் அது. ஈப்போவிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் போகிற வழியில் உள்ளே திரும்பினால் ஆத்தங்கரைத் தோட்டம். தோட்டம் என்பது இப்போது பேச்சுக்குத்தான். பால்மரம் எல்லாவற்றையும் வெட்டிச் செம்பனை போட்டுவிட்டார்கள், ஒரு பக்கம் புதுத் தாமான் வீடுகள் எழும்பிவிட்டன. பழைய லயத்தில் சில வரிசை வீடுகளும், ஆலமரத்தடியில் முனியாண்டி கோயிலும், பின்னால் ஈயம் எடுத்துவிட்டுப் போன லம்பக் குளமும்தான் மிச்சம். அந்த லம்பத்துத் தண்ணீர் அசைந்து நான் பார்த்ததில்லை. காற்று அடித்தாலும் அசையாது.

ராக்காயி பதினோரு வயதில் வகுப்பில் மயங்கி விழுந்தாள். ஈப்போ ஆஸ்பத்திரியில் சக்கரை வியாதி என்றார்கள். அவள் அப்பா மாயாண்டிக்கு டாக்டர் மேல் கோபம் வந்துவிட்டது. "கிழவன் கிழவிக்கு வர்ற நோவு எம்மகளுக்கு எப்படிய்யா வரும்?" என்று சண்டைக்குப் போனாராம். இது வேறு சக்கரை, உடம்பில் இன்சுலினே ஊறாது, ஆயுசுக்கும் ஊசிதான் என்று அவருக்குப் புரியவைக்க நர்ஸ் ஒருத்தி பாடாய்ப் பட்டிருக்கிறாள். லயத்தில் யார் வீட்டிலும் அப்போது ஐஸ்பெட்டி கிடையாது. தோட்டத்துக் கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் கெஞ்சி, அவர் ஐஸ்பெட்டியில் ஆரஞ்சு பாட்டில்களுக்கு நடுவில் மருந்தை வைத்தார்கள். காலையும் மாலையும் ஒரு சின்னப் பெண் கடைக்குப் போய்த் தன் மருந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவாள். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் "பாவம்" என்பார்கள்.

வளர்ந்த பிறகும் அந்தச் சொல் அவளை விடவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தின்பார்கள். ஊசியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் கை கழுவப் போவார்கள். போனவர்கள் போனவர்கள்தான். வாசலில் நின்று "நல்ல பொண்ணு, பாவம்" என்று சொல்லிவிட்டுக் காடிக் கதவைத் திறந்து ஏறுவார்கள். எனக்கு வருகிற ஆத்திரத்தில் கேசரிச் சட்டியைத் தூக்கி எறியலாம்போல இருக்கும். ராக்காயி சிரிப்பாள். "விடு அண்ணி, கேசரி எனக்கும் ஆகாது, அவங்களுக்கும் ஆகல," என்பாள்.

நாற்பதை நெருங்கும் வயதில் ஒரு நல்லது நடந்தது. ஈப்போவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. அங்கே இரும்பு ஆக்சைடு என்று ஒரு கருப்புப் பொடி செய்கிறார்கள். இரும்புத் துருவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி முறை என்று ராக்காயி எனக்கு விளக்கினாள். அதை அரைத்து, அழுத்தி, சூளையில் சுட்டால் வட்ட வட்டமாகக் காந்தம் வரும். மாவைவிட நைசாக அரைத்த பொடியில் வேறொரு வேலை நடந்தது. ஒரு சொட்டு ரத்தத்தில் சக்கரை எவ்வளவு இருக்கிறது என்பதை அந்தப் பொடியை வைத்தே நிறம் மாற்றிக் காட்ட முடியுமா என்று பார்த்தார்கள். அதற்குத் தலைவர் டாக்டர் மாதுமை, யாழ்ப்பாணத்துத் தமிழர் வீட்டுப் பெண். ராக்காயிக்கு இருக்கும் நோய் தெரிந்ததும், தாங்கள் நடத்தும் இன்னோர் ஆராய்ச்சியிலும் அவளைச் சேர்த்துக்கொண்டார். இன்சுலின் ஊசியே தேவையில்லாமல், இடுப்பில் ஒரு பம்பு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மெல்லிய குழாய் வழியாக மருந்தைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விடும். கையில் ஒட்டிய வில்லை சக்கரையை அளந்து போனுக்குச் சொல்லும்.

"காந்த ரூமுக்குள்ள மட்டும் பம்பை எடுத்துட்டுப் போகக்கூடாது அண்ணி. வாசல்ல டிராயர்ல வெச்சிட்டுத்தான் போகணும். காந்தம் பட்டா அதுக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்," என்று அவள்தான் சொன்னாள்.

விளிம்பு உடைந்த காந்தங்களைக் கூடத்தில் குப்பையில் போடுவார்கள். ராக்காயி அவற்றில் சிலதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எனக்கு ஒன்று, குண்டூசி பொறுக்க. முனியாண்டி கோயில் பூசாரி பத்துமலைக்குச் சிலது, சூலத்தில் மாலை நழுவாமல் இருக்க. அந்த ஆள் என்ன செய்தார் தெரியுமா? சாமி கல்லு, தானாகவே சூலத்தில் ஏறி ஒட்டிக்கொள்கிறது என்று வருகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நானும் ராக்காயியும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அத்தை, அதாவது என் மாமியார், சிரிக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

தைப்பூசம் முடிந்து கொஞ்ச நாள் இருக்கும். நானும் தேவனும் லயத்துக்குப் போயிருந்தோம். பொழுது சாயும் நேரம். செம்பனைக்குள் இருட்டு முந்திக்கொண்டு வந்துவிடும். வானத்தில் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டும். ராக்காயி அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் எதிரே மடியில் ஒரு கட்டுக் கீரையோடு உட்கார்ந்து, அளவு ரவிக்கை கொடுக்காமலே "கை டைட்டா இருக்கு" என்று சண்டை போட்ட ஒரு பொம்பளையைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று கை நின்றது.

எங்கிருந்தோ ரப்பர் பால் சீட்டைப் புகை போடுகிற வாசனை வந்தது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது மறக்காது. அந்தப் புகைக்கூடத்தை இடித்துப் பல வருஷம் ஆகிறது.

"பிள்ளைக்குக் குளிருது," என்றாள் ராக்காயி.

குரல் அவளுடையதுதான். ஆனால் அவள் பேசவில்லை என்று எனக்குத் தோன்றியது. கண் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் பார்த்தது.

"எந்தப் பிள்ளைக்குடி?"

"துண்டு ஈரமா இருக்கு. மஞ்சப் போர்வை உன்கிட்டயே இருக்கு. பிள்ளைக்குக் குளிருது."

என் மடியில் இருந்த கீரையெல்லாம் தரையில் கொட்டியது. ராக்காயி கண்ணைச் சிமிட்டினாள். மறுபடி கீரையை எடுத்தாள். "என்ன அண்ணி, பேய் அறைஞ்ச மாதிரி பாக்குற?" என்றாள். அவள் நெற்றியைத் தொட்டேன். ஒரு சொட்டு வியர்வை இல்லை. தண்ணீர்ப் பானையைத் தொட்டதுபோல் இருந்தது. என்ன சொன்னாள் என்று அவளுக்கு எதுவும் நினைவில்லை.

நான் ஏன் அப்படிப் பதறினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான மறு வருஷம் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூச்சில்லாமல் பிறந்தது. எனக்கு மயக்கம் தெளியும் முன்பே மாமா மாயாண்டியும் தேவனும் ஆஸ்பத்திரித் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், லம்பத்துப் பக்கம் பால்மரங்களுக்கு நடுவில் புதைத்துவிட்டார்கள். மழை நாள். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. பிள்ளை பிறக்கும் முன்னால் அதற்கென்று எதையும் வாங்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தைக்குத் தெரிந்தால் தொலைத்துவிடுவார். ஆனாலும் எனக்கு ஆசை தாங்கவில்லை. ஒரு நாள் பாசாருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கடையில் ஒரு மஞ்சள் போர்வை வாங்கினேன், வாத்துக்குஞ்சு போட்டது. யாரிடமும் காட்டவில்லை. தேவனிடம்கூடச் சொல்லவில்லை. அது அன்றிலிருந்து என் அலமாரியில் பட்டுச் சேலைக்கு அடியிலேயே இருந்தது. அந்தப் போர்வை எனக்கும் என் அலமாரிக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ராக்காயி என் அலமாரியை என்றாவது திறந்திருப்பாள் என்றும் நினைத்தேன். அலமாரிச் சாவி என் தாலிக்கயிற்றில்தான் கிடக்கிறது. இருந்தும் அப்படி நினைத்தேன்.

வாசற்படியில் நின்றிருந்த அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். குலசாமி வந்து இறங்கிவிட்டது என்று அவருக்கு முடிவாகிவிட்டது. அடுத்த வாரத்துக்குள் மகளுக்குச் சிவப்பு வெல்வெட்டில் ஒரு பை தைத்துவிட்டார், பம்பை வைத்து இடுப்பில் கட்ட. "ஆபீசுக்கும் கக்கூசுக்கும் போய்ட்டு வர்ற பையோட வெள்ளிக்கிழமை பூசைக்கு உக்காரக்கூடாது புள்ள. இது சுத்தமான பை," என்றார். நாளெல்லாம் தையல் மிஷினில் கிடக்கிற மருமகள் ஒருத்தி இருக்க, என்னிடம் கொடுக்காமல் கையாலேயே தைத்திருந்தார். தையல் கோணல்மாணலாக இருந்தது. உள்துணி வேறு இரண்டு மடிப்பு. வெல்வெட்டை இப்படிக் கொலை செய்திருக்கிறாரே என்றுதான் எனக்குப் பட்டது, வேறெதுவும் படவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அது நடந்தது. வேலை முடிந்து வருவாள், தலைக்குக் குளிப்பாள், சிவப்புப் பையைக் கட்டிக்கொண்டு விளக்கு முன்னால் உட்காருவாள். அத்தை அவள் போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார், பூசை நேரத்தில் அது கத்தக்கூடாதாம். கொஞ்ச நேரத்தில் ராக்காயியின் உதடு வெளுக்கும். உடம்பு நடுங்கும். முதுகுச் சேலை நனைந்து ஒட்டிக்கொள்ளும். கண் சொருகி, நாக்குக் குழறி ஏதேதோ பேசுவாள். "தண்ணி வருது." "கதவத் தொற." "அவன் தெக்கால போயிட்டான்." ஊருக்கு இது போதாதா? முதலில் லயத்து ஆட்கள், அப்புறம் தாமான் ஆட்கள், அப்புறம் பீடோரிலிருந்தும் சித்தியவானிலிருந்தும் காடி போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆதாயம் இல்லாமல் ஒருத்தரும் ஆற்றோடு போகமாட்டார்கள். மகன் காணாமல் போன தாய், வீடு விலைபோகாத ஆள், எல்லாரும் அவள் காலில் விழுந்தார்கள். தெருவில் போனால் பெரிய மனிதர்கள்கூட வழி விட்டார்கள்.

நான் மட்டும் கத்திக்கொண்டிருந்தேன். "அத்தை, இது சாமி இல்ல, சக்கரை இறங்குது. வேர்க்குது பாருங்க."

"சாமி வந்தா வேர்க்காதா?"

"முத நாள் வேர்க்கலையே!"

சொல்லிவிட்டு நானே வாயை மூடிக்கொண்டேன். கருப்பட்டி கரைத்த பானகத்தை அவள் வாயில் ஊற்றுவேன், மெதுவாகத் தெளிவாள். அம்மன் பானகம் குடித்தாள் என்று கூட்டம் குலவை போடும். தேவன் வெளியில் நின்று, "பக்கத்துலதானே லா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி, அண்ணியும் நாத்தனாரும் ஒரே ரூமா கேளுங்க," என்று கிண்டல் பண்ணுவார். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும், இவருக்கு வாழ்க்கைப்பட்டதற்கு நான் எதில் ஏறுவது?

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கத்திக்கொண்டே இருந்தேனே தவிர, ஒரு வெள்ளிக்கிழமைகூட நான் போகாமல் இருக்கவில்லை. கூட்டத்தின் பின்னால் நின்று அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். போர்வை என்ற சொல் மறுபடி வருமா என்று காத்திருப்பேன். வரவே இல்லை.

வாரம் போகப் போக அவளைத் தெளிய வைப்பது கடினமாகிக்கொண்டே வந்தது. ஆடி மாதத்து வெள்ளி ஒன்றில் பல் கிட்டிவிட்டது. பானகம் கடைவாயில் வழிந்ததே தவிர உள்ளே போகவில்லை. கூட்டம் கற்பூரம் கொளுத்திக்கொண்டு நிற்கிறது, அவள் வில்லாக வளைகிறாள். நான் எல்லாரையும் தள்ளிவிட்டு அவளைத் தூக்கிக் காடியில் போட்டேன். தேவன் அன்று கிண்டல் பண்ணவில்லை, விரட்டி ஓட்டினார்.

பிழைத்துக்கொண்டாள். மறுநாள் டாக்டர் மாதுமை என்னை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"அக்கா, ஒளிக்காமல் சொல்லுறன். இன்னொருக்கா இப்பிடி இறங்கினா ராக்காயி எழும்பமாட்டா. எழும்பினாலும் பழைய ராக்காயியா இருக்கமாட்டா. கையில இருக்கிற வில்லையின்ர பதிவை முழுக்கப் பார்த்தனான். வெள்ளிக்கிழமையில மட்டும்தான் சக்கரை விழுகுது. அண்டைக்கு வீட்டில என்ன செய்யிறீங்கள்?"

குளியல், கீரை, பூசை, எல்லாம் சொன்னேன். பம்பைக் கழற்றிச் சோதித்துவிட்டார்களாம், ஒரு கோளாறும் இல்லையாம். புதிதாக வேறு பம்பு கொடுத்திருந்தார்கள். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கடையை மத்தியானமே மூடிவிட்டு லயத்துக்குப் போய்விட்டேன். ராக்காயியை அன்று உட்கார விடக்கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். ஆனால் வாசலில் கூட்டம் அதற்குள் சேர்ந்துவிட்டது. போன வாரம் செத்துப் பிழைத்தாளே, சாமிக்கு உக்கிரம் ஏறியிருக்கிறது என்று இரண்டு மடங்கு ஆட்கள். நாய்கள் எல்லாம் லயத்தை விட்டு எங்கோ போய்விட்டன. ஆலமரத்துப் பூச்சிகள்கூடக் கத்தவில்லை. அத்தனை பேரும் ஒரு சத்தமும் இல்லாமல் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே ராக்காயி குளித்துவிட்டுச் சேலை கட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பில் சிவப்புப் பை.

"கழட்டு அதை. படு போ. வெளியில நான் பேசிக்கிறேன்."

"மடிப்பு சரியா நிக்கல அண்ணி, ஒரு ஊசி குத்தி விடு," என்றாள், நான் சொன்னது காதிலேயே விழாத மாதிரி.

தையல்காரி ரவிக்கையில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். திட்டிக்கொண்டே ஒன்றை உருவி அவள் இடுப்புக்குக் கொண்டுபோனேன். ஊசி என் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்ப் பையில் ஒட்டியது.

யாரோ இழுத்ததுபோல் இருந்தது. சிவப்பு வெல்வெட்டில் ஊசி செங்குத்தாக நின்று கொஞ்சம் ஆடியது. அப்புறம்தான் என் கடையில் ஊசி பொறுக்குகிற கருப்பு வட்டம் ஞாபகம் வந்தது. பையைப் பிடுங்கி, பம்பை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். உள்துணித் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். விளிம்பு உடைந்த காந்தம் ஒன்று மஞ்சளும் குங்குமமும் பூசிக்கொண்டு என் உள்ளங்கையில் விழுந்தது. பம்புக்குப் பக்கத்திலேயே, ஒட்டி உரசிக்கொண்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதுதான் இருந்திருக்கிறது.

"யார் வெச்சது?"

"அம்மாதான். முத வாட்டி எனக்கு அப்படி ஆனதும் பயந்துட்டாங்க. சூலத்துலேர்ந்து சாமி கல்லுன்னு எடுத்து, காப்பா இருக்கட்டும்னு உள்ள வெச்சுத் தெச்சிருக்காங்க. அவங்களுக்கு என்ன தெரியும், பாவம்."

"உனக்கு?"

அவள் சேலை மடிப்பைத் திரும்ப எடுத்து மடித்தாள்.

"உனக்குத் தெரியுமாடி?"

"ரொம்ப நாளாத் தெரியும் அண்ணி."

"அடிப்பாவி! காந்தத்துலயே புரள்றவ, தெரிஞ்சேவா கட்டிக்கிட்ட? செத்துத் தொலைஞ்சிருப்பியே மூதேவி!"

"பதினோரு வயசுலேர்ந்து என்னைப் பாத்தா எல்லாரும் என்ன சொல்லுவாங்க? நீயே சொல்லு."

அந்தச் சொல் எனக்கும் தெரியும்.

"வெள்ளிக்கிழமை மட்டும் ஒருத்தரும் அதைச் சொல்றதில்ல," என்றாள் ராக்காயி.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவளை ஓர் அறை விடலாம் என்று கையை ஓங்கினேன், கட்டிப்பிடித்து அழத்தான் முடிந்தது. அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் மெதுவாகப் பேசினாள்.

"உனக்கும் ஒன்னு கேக்கணும் இல்ல? முத வெள்ளிக்கிழமைலேர்ந்து நீ என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கிற. அன்னிக்கு நான் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியாது. நீயும் சொல்ல மாட்டேங்குற. கடைசியா ஒரே ஒரு தடவை கட்டிக்கிறேன் அண்ணி. உனக்காக. நீ கேட்டுக்க. பக்கத்துல பானகம் வெச்சுக்க, கெட்டியா."

கையை நீட்டினாள். என் உள்ளங்கையில் அந்தக் கருப்பு வட்டம் கனத்தது. ரவிக்கையில் மிச்சமிருந்த ஊசிகள் மூன்றும் அதன் பக்கம் தலையைத் திருப்பின. பொய் சொல்ல மாட்டேன், கொடுத்துவிட எனக்கு ஆசையாக இருந்தது. குளிருகிறதா இன்னும், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, என்னைத் தேடுகிறதா. இவ்வளவுதான் நான் கேட்க வேண்டியது. டாக்டர் சொன்னது காதில் கேட்டது. எழும்பமாட்டா. ராக்காயியின் விரல் இடுக்கில் அந்தக் கருப்புப் பொடி எப்போதும்போல் ஒட்டியிருந்தது. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அது போகாது. செத்துப்போன என் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்க, உயிரோடிருக்கிற இந்தப் பிள்ளையைக் குழிக்குள் இறக்கிவிடுவதா?

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். கூட்டம் விலகியது. என் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு அத்தை, "ஐயோ, சாமி கல்லுடி!" என்று ஓடி வந்தார். நான் நிற்கவில்லை. கோயிலைத் தாண்டி நடந்து, லம்பத்துக் கரையில் நின்று, என் பலம் முழுக்கக் கூட்டி எறிந்தேன். விழுந்த சத்தமே கேட்கவில்லை. தண்ணீர் அதை வாங்கிக்கொண்டு பழையபடி கிடந்தது.

திரும்பிப் பார்த்தால் கூட்டம் முழுக்கப் பின்னால் நிற்கிறது.

"சாமி ரிசைன் பண்ணிருச்சு," என்றேன். "எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

அத்தை என்னுடன் பேச்சை நிறுத்தினார். பத்துமலை எனக்குச் சாபம் விட்டார். அதையெல்லாம் கணக்கில் எடுத்தால் நான் மருமகளாகவே இருந்திருக்க முடியாது. சில வாரம் ஆட்கள் வந்து பார்த்தார்கள். ராக்காயி விளக்கு முன்னால் உட்கார்ந்து, "எனக்கு ஒன்னும் தெரியாதுங்க, போய்ட்டு வாங்க," என்றாள். மெல்ல மெல்ல வாசல் காலியானது. கடைசியாகப் போன பொம்பளை திரும்பிப் பார்த்து, "பாவம்," என்றாள். ராக்காயி முகத்தை அன்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை.

டாக்டர் மாதுமையிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். காந்தம் பம்பின் சின்ன மோட்டாரை ஏமாற்றி, மருந்தை அள்ளி ஊற்ற வைத்திருக்கிறது, காந்தத்தை எடுத்துவிட்டால் பம்பு மறுபடி ஒழுங்காகிவிடும், அதனால்தான் சோதனையில் எதுவும் தெரியவில்லை என்றார். எல்லாம் நேராகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளும் மற்றக் கிழமைகள் மாதிரி ஆகிவிட்டன.

ஒரு நாள் கடையில் ஊசி பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. அத்தை பையைத் தைத்தது முதல் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு. அப்படியென்றால் முதல் வெள்ளிக்கிழமை அவள் இடுப்பில் காந்தமே இல்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன். தைப்பூசத்துக்குப் பிறகு வந்த இன்ன வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் நேரம், பதிவைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். தேடிவிட்டுச் சொன்னார்.

"சக்கரை ஆறு, அக்கா. நல்ல வடிவான ஆறு. சாதாரண ஆக்களுக்கு இருக்கிற மாதிரி. அண்டைக்கு அவவுக்கு ஒண்டும் நடக்கேல்லை. ஏன் கேக்கிறீங்கள்?"

"சும்மாத்தான்," என்று வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அலமாரியைத் திறந்து போர்வையை எடுத்தேன். தேவனிடம் காட்டினேன். ஒன்றும் கேட்காமல் அதைத் தொட்டுப் பார்த்தார், வாத்துக்குஞ்சின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். அத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். லயத்துக்குப் போய் ராக்காயியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் லம்பத்துப் பக்கம் நடந்தோம். வழியில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

செம்பனைக்கு நடுவில் தேவன் நின்றார். கொஞ்சம் முன்னால் போனார், பின்னால் வந்தார். "இங்கதான் எங்கயோ. பால்மரம் ரெண்டு வரிசை இருந்துச்சு. அப்பா ஒரு மரத்துல வெட்டு போட்டு அடையாளம் வெச்சாரு," என்றார். வெட்டுப்பட்ட மரமும் இல்லை, மாமாவும் இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி பனை.

நான் ராக்காயியைப் பார்த்தேன். கேட்கக்கூடாது என்றுதான் வந்தேன். இருந்தும் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமாத் தெரியாது," என்றாள். அவள் கண்ணிலும் தண்ணீர்.

மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது. இலை அசையவில்லை, எனக்கும் தேவனுக்கும் கழுத்தெல்லாம் வேர்த்துக் கொட்டியது. எங்கிருந்தோ பால் சீட்டுப் புகை வாசனை வந்தது. ராக்காயி இரண்டு கையாலும் தன்னைக் கட்டிக்கொண்டாள்.

"குளிருது அண்ணி."

பதறிப்போய் அவள் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். ஆறு. நெற்றியைத் தொட்டேன். ஒரு சொட்டு வியர்வை இல்லை, பானைபோல் சில்லென்று இருந்தது. அவள் என்னைத்தான் பார்த்தாள், என் தோளுக்குப் பின்னால் பார்க்கவில்லை. நான் வேறு எதையும் கேட்கவில்லை. போர்வையைப் பிரித்தேன். பிறந்த பிள்ளைக்கு வாங்கியது, அவள் தோளைத்தான் மூடியது. இரண்டு முனையையும் இழுத்து, என் ரவிக்கையிலிருந்து ஓர் ஊசியை எடுத்து, அவள் கழுத்துக்குக் கீழே குத்திவிட்டேன்.

"இப்ப பரவாயில்லையா?" என்றேன்.

"ம்," என்றாள்.